கேமராவில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன?



இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது. பொங்கல் விழாவோ சுதந்திர தினக் கொடியேற்றமோ முடிந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவிந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படும். பின்னால் இருக்கும் வானமும் சுவரும் பளிச்சென்று இருக்கும். முன்னால் நிற்பவரின் முகம் மட்டும் கறுத்துப் போயிருக்கும். "நல்ல போன்தான், ஏனோ சரியாக விழவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம்.

போனில் கோளாறு எதுவும் இல்லை. தனக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான் அது வேலை செய்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தது யார், எதை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதற்குப் பின்னால் ஏறக்குறைய 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. உங்கள் போன் கேமராவில் 'ப்ரோ' என்ற பகுதி இருந்தால் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஓ, எஸ், இவி என்று சில எழுத்துகளும் எண்களும் தெரியும். ஒவ்வொன்றும் யாரோ பட்ட கஷ்டத்துக்குக் கிடைத்த விடை. அந்தக் கதை தெரிந்தால் எண்களைக் கண்டு பயம் வராது. கேமரா சொல்வதை எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது என்பதும் விளங்கும்.

முதலில் நேரம்

பிரான்ஸ் நாட்டில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-ல் தன் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சியை, ஒருவகைத் தார் பூசிய உலோகத் தகட்டில் பதிய வைத்தார். இன்று நம்மிடம் இருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது அதுதான். அது பதிவதற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் பிடித்தது என்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே தெரியும்: கட்டடங்களின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடித்திருக்கிறது. தகடு விழித்திருந்த நேரத்துக்குள் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போய்விட்டது.

அடுத்து வந்தவர் லூயி டகேர். அவர் 1838-ல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை மேலேயிருந்து எடுத்தார். போக்குவரத்து நிறைந்த தெரு அது. ஆனால் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பதிவாகச் சில நிமிடங்கள் ஆனதால், நடந்து போனவர்களும் வண்டிகளும் எந்தத் தடமும் விடாமல் மறைந்துவிட்டார்கள். ஓரமாக நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒரு மனிதர் மட்டும் அசையாமல் நின்றதால் பதிந்துவிட்டார். கேமராவில் விழுந்த முதல் மனிதர் அவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

1839-ல் இந்த முறையை பிரெஞ்சு அரசு உலகத்துக்கு அறிவித்தது. உடனே ஸ்டுடியோக்கள் முளைத்தன. ஆனால் மனிதர்களால் நிமிடக்கணக்கில் ஆடாமல் இருக்க முடியாது. அதனால் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி, கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் கவ்வியை அதில் மாட்டி வைத்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் விறைப்பாக உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நேரத்தைக் குறைப்பதற்கே அடுத்த நாற்பது ஆண்டுகள் போயின. அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-ல் ஓடுபாதை ஓரமாக 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டினார். ஓடி வந்த குதிரை நூலை அறுக்க அறுக்க ஒவ்வொரு கேமராவும் படம் எடுத்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்பது அப்போது நிரூபணமானது. அதுவரை ஓவியர்கள் முன்னங்கால் முன்னே, பின்னங்கால் பின்னே நீட்டியபடி பறக்கும் குதிரையை வரைந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது.

உங்கள் போனில் 'எஸ்' என்று இருப்பது இந்த ஷட்டர் நேரம்தான். ஓடும் பேரக் குழந்தைக்கு 1/500 வினாடி வைத்தால் உறைந்து நிற்கும். 1/60-க்குக் கீழே போனால் உங்கள் கை நடுக்கமே படத்தைக் கலைக்கத் தொடங்கும். முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். இரவில் போன் "அசையாமல் பிடியுங்கள்" என்று சொல்லும்போது, நாற்காலிக் கவ்வியின் வேலையை உங்கள் கைகளிடம் ஒப்படைக்கிறது.

இரண்டாவது, துவாரம்

நேரத்தைக் குறைக்க இன்னொரு வழி, வெளிச்சம் நுழையும் வாசலைப் பெரிதாக்குவது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் 1840-ல் கணக்குப் போட்டே ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதற்கு முன்பிருந்த லென்ஸைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விட்டது. முகம் எடுக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து வினாடிகளுக்கு இறங்கியது.

இந்த வாசலின் அளவைத்தான் எஃப் எண் சொல்கிறது. லென்ஸின் குவிய தூரத்தை துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் துவாரம் 25 மில்லிமீட்டர் என்றால் எஃப் 2, 12.5 மில்லிமீட்டர் என்றால் எஃப் 4. எண் பெரிதானால் துவாரம் சிறிது. புதிதாகக் கற்பவர்களைக் குழப்புவது இதுதான். வகுத்தலில் கீழே இருக்கும் எண் குறைந்தால் விடை கூடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

துவாரம் பெரிதானால் வெளிச்சம் கூடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பது மட்டுமே தெளிவாக விழும், முன்னும் பின்னும் மங்கும். துவாரம் சிறிதானால் வெளிச்சம் குறையும். அருகில் இருக்கும் செடியும் தூரத்து மலையும் சேர்ந்து தெளியும். 1932-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து ஒரு குழு அமைத்து, அதற்கு 'எஃப் 64 குழு' என்று பெயர் வைத்தார்கள். மங்கலாக, ஓவியம்போலப் படம் எடுப்பதே கலை என்று இருந்த காலத்தில், எல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. ஒரு துவாரத்தின் எண்ணே கொள்கையின் பெயராகிவிட்டது.

போன் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் துவாரத்தை மாற்ற முடியாது. 'போர்ட்ரெய்ட்' முறையில் பின்னணி மங்குகிறதே, அது பெரும்பாலும் கணக்குப் போட்டுச் செய்யும் மங்கல். அதனால்தான் சில சமயம் காதோரத்து முடியும் கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து கரைந்துவிடுகின்றன. பின்னணி இயல்பாக மங்க வேண்டுமானால் எளிய வழி ஒன்று உண்டு: படம் எடுக்கப்படுபவரைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் பத்தடி முன்னால் வரச் சொல்லுங்கள், நீங்களும் அருகில் போங்கள்.

மூன்றாவது, ஃபிலிமின் வேகம்

ஒரு தகடு எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு கறுக்கும் என்பது ஆரம்பத்தில் எல்லாம் கைப்பழக்கம். இங்கிலாந்தில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் என்ற வேதியியலாளரும் வீரோ டிரிஃபீல்ட் என்ற பொறியாளரும் ஓய்வு நேரத்தில் இதை அளந்து பார்த்து, 1890-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபிலிமின் வேகத்துக்கு எண் கொடுக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. பிறகு ஜெர்மனி 1934-ல் 'டின்' அளவையும், அமெரிக்கா 1943-ல் 'ஏஎஸ்ஏ' அளவையும் கொண்டுவந்தன. 1974-ல் இரண்டும் சேர்ந்து ஐஎஸ்ஓ ஆயின.

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' ஃபிலிம் ரோல் உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். அதுபோன்ற ரோல்களின் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்த எண் இதுதான். அன்று ரோலைக் கேமராவில் போட்டுவிட்டால் கடைசிப் படம் வரை அதே எண். இன்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இலவசம் இல்லை. ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் ரவை தெளித்ததுபோல் புள்ளிகள் வரும். அவற்றைப் போனே துடைக்கப் பார்க்கும்போது முகம் மெழுகுபோல் ஆகிவிடும்.

மூன்றும் சேர்ந்த கணக்கு

வங்கியில் கணக்கு எழுதியவனுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஷட்டர், துவாரம், ஐஎஸ்ஓ மூன்றும் ஒரே பேரேட்டின் மூன்று பக்கங்கள். எதிலும் ஒரு படி என்பது வெளிச்சம் இரண்டு மடங்கு, அல்லது பாதி. 1/125 வினாடியிலிருந்து 1/250-க்குப் போனால் பாதி. ஐஎஸ்ஓ 100-லிருந்து 200-க்குப் போனால் இரண்டு மடங்கு. துவாரத்தில் மட்டும் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று விசித்திரமாக ஏறும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு படிக்கும் 1.4-ஆல் பெருக்க வேண்டியிருக்கிறது.

ஃபிலிம் காலத்து போட்டோகிராபர்கள் மீட்டர் இல்லாமலே ஒரு விதியை வைத்துச் சமாளித்தார்கள். நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16-ல் வைத்து, ஃபிலிமின் எண்ணையே வினாடியின் பின்னமாக வை. ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் என்றால் ஏறக்குறைய 1/125. இதையே எஃப் 11, 1/250 என்றோ, எஃப் 8, 1/500 என்றோ எழுதலாம். ஒரு பக்கம் கூட்டியதை மறு பக்கம் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். படத்தின் வெளிச்சம் மாறாது, தன்மை மட்டும் மாறும். ஓட்டத்தை உறைய வைக்க வேண்டுமா, தூரத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டுமா என்பதுதான் நீங்கள் எடுக்கும் முடிவு.

இந்தத் தலைவலி வேண்டாம் என்று நினைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் கொண்டுவந்த கோடாக் கேமராவில் 100 படங்கள் எடுக்கலாம். முடிந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் கழுவிப் பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பித் தருவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை. 1900-ல் ஒரு டாலருக்கு வந்த பிரௌனி கேமரா இந்த வசதியைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது. நம் போனில் இருக்கும் 'ஆட்டோ' என்பதன் தாத்தா இதுதான்.

இத்தகைய பெட்டிக் கேமராக்களில் துவாரமும் நேரமும் ஏறக்குறைய நிலையாக இருந்ததால் நல்ல வெயில் கட்டாயம் தேவைப்பட்டது. "சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்" என்ற அறிவுரை அப்படித்தான் பரவியது. நம் வீட்டு ஆல்பங்களில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அதுதான். இன்றைய கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நாம் பெரியவர்களை உச்சி வெயிலைப் பார்க்கும்படி நிறுத்துகிறோம். போர்ட்டிகோ நிழலோ ஜன்னலோரமோ முகத்துக்கு எவ்வளவோ நல்லது.

வானமும் தஞ்சாவூரும்

அந்தக் காலத்துத் தகடுகளுக்கும் காகிதங்களுக்கும் நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால் கட்டடம் சரியாக விழும் நேரம் வரை வைத்திருந்தால் வானம் வெளிறிப் போகும். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்துப் பிரிண்ட் போட்டார்.

நம் ஊரிலும் இதே சிக்கல் வந்தது. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். வெறுமையான வானத்தில் அவர் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டியதும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஒட்டினால் சுமார் 19 அடி நீளம் வரும்படி செய்தார். உங்கள் போனில் இருக்கும் 'எச்டிஆர்', 'பனோரமா' இரண்டும் இதே வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்கின்றன.

கேமராவின் கண்ணில் நம் நிறம்

இப்போது கறுத்துப்போன முகத்துக்கு வருகிறேன். சிவப்பைப் பார்க்கத் தெரியாத தகடு பழுப்பு நிறத் தோலை உள்ளதைவிடக் கறுப்பாகவே காட்டும். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-ல்தான் லண்டனில் விற்பனைக்கு வந்தன. ஆகவே 19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் நம் முன்னோர்களைப் பார்த்து, அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

1930-களில் மின்சார லைட் மீட்டர் வந்தது. 1938-ல் கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 என்ற கேமரா, மீட்டர் சொன்னபடி துவாரத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டது. ஆனால் மீட்டருக்கு முகம் தெரியாது, புடவை தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டியில் ஒருவர் நின்றால், "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருட்டாகும்.

கலர் ஃபிலிம் வந்தபோது இன்னொரு சங்கதி சேர்ந்தது. பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் ஒரு மாதிரி அட்டையை அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்றவர் பெயரால் அதை 'ஷர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அவருடைய தோல் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பழுப்பு நிறத் தோலின் நுட்பங்களைக் காட்டுவதில் அன்றைய ஃபிலிம்கள் பின்தங்கியிருந்தன. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் கோடாக்கில் வேலை பார்த்தவர்களைப் பேட்டி கண்டு இதை எழுதியிருக்கிறார். ஃபிலிமைத் திருத்த வேண்டும் என்ற அழுத்தம் பெரிதும் சாக்லேட் கம்பெனிகளிடமிருந்தும் மரச்சாமான் கம்பெனிகளிடமிருந்தும் வந்தது என்பது அதில் வரும் செய்தி. அவர்களுடைய பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் பிரித்துத் தெரியவில்லையாம். பல நிறத்தவர் சேர்ந்த மாதிரி அட்டைகள் 1990-களில் வந்தன. கூகுள் தன் பிக்சல் 6 போனில் எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்டும் முயற்சி என்று சொல்லி 'ரியல் டோன்' வசதியைக் கொண்டுவந்தது 2021-ல்.

ஆகவே, அடுத்த முறை முகம் கறுத்தால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் அருகே ஒரு சிறிய சூரியன் அல்லது கோடு தோன்றும். அதை மேலே நகர்த்துங்கள். முகம் தெளியும். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். நாம் எடுப்பது வானத்தை அல்ல. 'இவி' என்ற எண் இதுதான். கறுப்புத் திரைக்கு முன்னால் முகம் வெளிறினால் கீழே நகர்த்துங்கள். அப்படியே, தோலை வெளுத்துச் சுருக்கங்களை அழிக்கும் 'பியூட்டி' வசதியையும் அணைத்து வையுங்கள். ஷர்லி அட்டையின் மிச்சம் அது.

எங்கே நிறுத்துவது?

கட்டங்கள் பற்றிக் கடைசியாக. போன் திரையை மூன்றுக்கு மூன்றாகப் பிரிக்கும் கோடுகளை அமைப்புகளில் போட்டுக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு என்ற இந்த விதி கேமராவைவிடப் பழையது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797-ல் நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், நிலம் ஒரு பங்கு, வானம் இரண்டு பங்கு என்பதுபோல் பிரிப்பது நன்று என்றார். முகம் எடுக்கும்போது கண்கள் மேல் கோட்டின் பக்கம் இருக்கட்டும்; பார்க்கும் திசையில் இடம் விடுங்கள். நம்மில் பலர் தலையை நட்டநடுவில் வைத்து, மேலே பாதிப் படத்தை சீலிங் ஃபேனுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

விதியைவிட முக்கியம் காத்திருப்பது. ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸோன் சிறிய லைக்கா கேமராவோடு அலைந்தவர். பிளாஷ் என்றால் ஆகாது அவருக்கு. இடத்தையும் பின்னணியையும் முதலில் தேர்ந்துகொண்டு, உரிய கணம் வரும்வரை நிற்பார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தவரும் அவரே. நீங்களும் தலைக்குப் பின்னால் கம்பமோ கொடிக்கயிறோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், இரண்டடி நகருங்கள், "சிரிங்க" என்று சொல்வதற்குப் பதிலாகப் பேச்சுக் கொடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், நல்ல படம் ஒன்றுக்காகத் தேடல் தொடங்கும். ஆயிரக்கணக்கான படங்கள் போனில் இருக்கும். ஆனால் கூட்டத்தில் ஓரமாக நின்றது, பாதி முகம் இருட்டானது, ஆதார் அட்டைக்கு எடுத்தது இவைதான் கிடைக்கும். கடைசியில் அதில் ஒன்றைப் பெரிதாக்கி மாலை போடுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அம்மாவையோ மாமனாரையோ ஜன்னலோரமாக உட்கார வைத்து, குழல் விளக்கை அணைத்துவிட்டு, முகத்தில் விரல் வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்து பத்துப் படங்கள் எடுங்கள். அவர்களுக்குப் பிடித்த ஒன்றை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.